கொல்லையில் கிடக்கும் பழங்கல்லும் ஒரு பத்திரமே

கள்ளக்குறிச்சி, சின்னசேலம், சங்கராபுரம் வட்டாரங்களில் மக்காச்சோளமும் மரவள்ளியும் இன்று எங்கும் காணப்படும் பயிர்கள். பாட்டன் காலம் முதல் பார்த்து வந்ததுபோல் விவசாயிகள் இவற்றைப் பயிரிடுகிறார்கள். ஆனால் இவ்விரண்டும் இந்த மண்ணில் தோன்றியவை அல்ல. மக்காச்சோளத்தின் தாயகம் மெக்சிகோ. மரவள்ளியின் தாயகம் தென் அமெரிக்கா. குழம்பில் போடும் மிளகாயும் தக்காளியும், வேலியோரம் நிற்கும் கொய்யாவும் பப்பாளியும்கூட அங்கிருந்து கப்பலேறி வந்தவையே.

அந்தக் கண்டத்தின் நடுப்பகுதியில், இந்தப் பயிர்களை ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகச் சாகுபடி செய்தவர்கள் மாயா இன மக்கள். மாயா என்றதும் படித்தவர்களுக்கு நினைவு வருவது காட்டின் நடுவே வானளாவ நிற்கும் படிக்கட்டுக் கோபுரங்கள். குவாத்தமாலா நாட்டின் டிக்காலையும் மெக்சிகோவின் சிச்சென் இட்சாவையும் பார்க்க உலகெங்கிலுமிருந்து மக்கள் போகிறார்கள். அவை அரசர்கள் எழுப்பியவை. மண்ணை நம்பிப் பிழைக்கும் ஒரு விவசாயி பார்க்க ஆசைப்பட வேண்டிய இடம் வேறு ஒன்று இருக்கிறது. எல் சால்வடோர் என்ற சிறிய நாட்டில் உள்ள ஹோயா தே செரன் என்ற கிராமம் அது. அங்கே கோபுரம் இல்லை, அரண்மனை இல்லை. குடியானவர்களின் மண்வீடுகளும் அவர்கள் பிடித்த வரப்பும் பாருமே இருக்கின்றன.

சாம்பலுக்குள் இருந்த கொல்லை

சுமார் 1,400 ஆண்டுகளுக்கு முன் அந்த ஊருக்கு அருகில் ஓர் எரிமலை வெடித்தது. ஊர் மக்கள் போட்டது போட்டபடி ஓடித் தப்பினார்கள். பல மீட்டர் உயரத்துக்குச் சாம்பல் விழுந்து ஊர் முழுவதும் மூடிப் போயிற்று. 1976-ம் ஆண்டு அங்கே தானியச் சேமிப்புக் கிடங்கு கட்டுவதற்காக புல்டோசர் கொண்டு மேட்டைச் சமன் செய்தபோது பழைய வீடு ஒன்று தட்டுப்பட்டது. அது அவ்வளவு நன்றாக இருந்ததால், சமீப காலத்து வீடு என்றே முதலில் எண்ணிவிட்டார்கள். இடிப்பும் தொடர்ந்தது. 1978-ல் பேசன் ஷீட்ஸ் என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர் வந்து, கூரைத் தழையின் வயதைக் கணக்கிட்ட பிறகுதான் அதன் பழமை தெரிந்தது. 1993-ல் யுனெஸ்கோ அந்தக் கிராமத்தை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

அங்கே கிடைத்தவை எந்த விவசாயிக்கும் விளங்கும். பார் பிடித்து நட்ட மக்காச்சோளப் பயிர் சாம்பலுக்குள் மக்கிப் போய், அதன் வடிவம் மட்டும் பொந்தாக நின்றது. அதில் சாந்து ஊற்றி எடுத்தபோது தட்டையும் கதிரும் அப்படியே வந்தன. அவரை இனப் பயறும் மிளகாயும் வீடுகளில் இருந்தன. 2007-ல் அதே இடத்தில் மரவள்ளிக் கொல்லையே வெளிப்பட்டது. கிழங்கைப் பிடுங்கிவிட்டு, அடுத்த போகத்துக்குக் கரணை வைத்த நிலையில் அந்தக் கொல்லை இருந்தது. இன்று சின்னசேலத்தில் நடப்பதற்கும் அதற்கும் பெரிய வேறுபாடு இல்லை.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. புல்டோசர் இன்னும் சில நாட்கள் ஓடியிருந்தால் உலகத்துக்கு இந்தக் கிராமம் கிடைத்திருக்காது. அரசர்கள் தங்கள் கதையைக் கல்லில் வெட்டி வைத்தார்கள். குடியானவன் கதை மண்ணில் மட்டுமே இருக்கிறது. மண்ணைப் புரட்டுகிறவன் கையில்தான் அது தங்குவதும் அழிவதும்.

இங்கே இருப்பவை

இப்படிப்பட்டவை கடல் கடந்த நாட்டில் மட்டும் இல்லை. கல்வராயன் மலையிலும் அதன் அடிவாரத்திலும் பெரிய பலகைக் கற்களை நிறுத்தி, மேலே ஒரு கல்லை மூடி வைத்த கல்திட்டைகள் உள்ளன. இத்தகையவற்றைத் தமிழ்நாட்டின் பல பகுதிகளில் பாண்டவர் வீடு என்றும் குள்ளர் வீடு என்றும் மக்கள் சொல்வதுண்டு. பாண்டவர்களும் அதில் குடியிருக்கவில்லை, குள்ளர்களும் குடியிருக்கவில்லை. இரும்புக் காலத்தில் இந்த மண்ணில் வாழ்ந்தவர்கள் இறந்தவர்களுக்காக எழுப்பிய நினைவிடங்கள் அவை. சமவெளிக் கொல்லைகளில் வட்டமாகக் கிடக்கும் உருண்டைக் கற்களும், கிணறு வெட்டும்போது தட்டுப்படும் பெரிய தாழிகளும் அந்தக் காலத்தவையே.

அவற்றுக்கும் முந்தியவை மலையில் கிடைக்கும் வழுவழுப்பான கற்கோடரிகள். உலோகம் அறியாத புதிய கற்கால மக்கள் தேய்த்துச் செய்த கருவிகள் இவை. காடு திருத்தி முதன்முதலில் விதைத்தவர்கள் அவர்கள்தான். மலைக் கிராமங்களில் சில இடங்களில் இந்தக் கற்களை மரத்தடியில் வைத்துச் சாமியாகக் கும்பிடுகிறார்கள். அந்த வழிபாடே பல கற்களைக் காப்பாற்றியிருக்கிறது.

ஊர் எல்லையிலும் ஏரிக்கரையிலும் நிற்கும் நடுகற்கள் இன்னொரு வகை. மாடு பிடிக்க வந்த எதிரிகளுடன் போரிட்டு மாண்டவர்களுக்கு எடுத்த கற்கள் இவற்றில் பல. கால்நடைதான் அன்றைய செல்வம். அதற்காக உயிர் கொடுத்தவனை ஊர் மறக்கவில்லை. இன்று அப்படிப்பட்ட கல் துணி துவைக்கவும், வாய்க்காலுக்குக் குறுக்கே போடவும் பயன்படுவதைக் காண்போர் வருந்தாமல் இருக்க முடியாது.

ஜம்பையின் இரண்டு கற்கள்

பழங்கல்லால் என்ன பயன் என்று கேட்பவர்கள் ஒருமுறை ஜம்பைக்குப் போய் வர வேண்டும். திருக்கோவிலூர்ப் பக்கத்தில், தென்பெண்ணைக்கு அருகில் உள்ள சிற்றூர் அது. அங்குள்ள குன்றின் குகையில் பழந்தமிழ் எழுத்தில் ஒரே ஒரு வரி வெட்டப்பட்டிருக்கிறது. 1981-ம் ஆண்டு தமிழ்நாடு தொல்லியல் துறையினர் கண்டு படிக்கும் வரை அதன் அருமை வெளியுலகுக்குத் தெரியாது. சதியபுதோ என்ற பட்டம் கொண்ட அதியன் நெடுமான் அஞ்சி, துறவிகள் தங்குவதற்குக் கொடுத்த இடம் இது என்பதே அதன் பொருள்.

இந்த ஒரு வரி ஒரு பெரிய வழக்கைத் தீர்த்து வைத்தது. அசோகச் சக்கரவர்த்தியின் கல்வெட்டு ஒன்றில் சோழர், பாண்டியர், கேரளர் ஆகியோருடன் சதியபுத்திரர் என்று ஒருவர் குறிக்கப்படுகிறார். அவர் யார் என்று அறிஞர்கள் பல ஆண்டுகளாக வாதாடினார்கள். தகடூரை ஆண்ட அதியமான்களே அவர்கள் என்று ஜம்பைக் கல் சொல்லிவிட்டது. ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்தவன் என்று பள்ளிப் பிள்ளைகள் படிக்கும் அதே அஞ்சி, திருக்கோவிலூர்ச் சீமை வரை வந்தான் என்பதற்கும் அது சாட்சி. அசோகருடைய அந்தக் கல்வெட்டு கூறும் செய்தியும் விவசாயிகளுக்கு உரியதே. மனிதருக்கும் கால்நடைக்கும் மருத்துவ வசதி செய்ததையும், மூலிகைகளை நடச் செய்ததையும், வழிகளில் கிணறு வெட்டியதையும் அது சொல்கிறது.

ஜம்பையின் இரண்டாவது கல் சிவன் கோயிலில் இருக்கிறது. சோழர் காலத்தது, 11-ம் நூற்றாண்டைச் சேர்ந்தது. ஊரில் வரி தண்டும் அதிகாரி ஒருவன், ஒரு பெண்ணிடம் வரி கேட்டான். தனக்கு அந்த வரி கட்ட வேண்டிய கடன் இல்லை என்று அவள் மறுத்தாள். அவன் விடவில்லை. சத்தியம் செய்து காட்டும் சோதனைக்கு அவளை உட்படுத்தினான். மனம் நொந்த அந்தப் பெண் நஞ்சுண்டு இறந்தாள். பல நாட்டார் கூடி விசாரித்தார்கள். அதிகாரியே குற்றவாளி என்று தீர்ப்புச் சொன்னார்கள். அவன் கோயிலில் விளக்கெரிக்க 32 காசு கொடுத்துப் பாவம் தீர்த்துக்கொண்டான். அவ்வளவும் கல்லில் ஏறியது.

ஓர் உயிருக்கு ஒரு விளக்குதானா என்று இன்று கேட்கத் தோன்றும். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனாலும், வரி வசூலிக்கும் அதிகாரத்தில் இருந்தவனை ஊரும் நாடும் கூடி விசாரித்தன. குற்றம் அவனுடையது என்று கூறின. பின்னால் வருபவர்களும் படிக்கும்படி எழுதி வைத்தன. கடன் கட்டு, கிஸ்தி கட்டு என்று வாசலில் வந்து நிற்பவர்களிடம் தலை குனிந்து பழகிய விவசாயிக்கு, தொள்ளாயிரம் ஆண்டுகளுக்கும் மேற்பட்ட இந்தத் தீர்ப்பைவிடத் தைரியம் தரும் செய்தி எது? அந்தக் கல்லை யாராவது உடைத்து ஜல்லி ஆக்கியிருந்தால் அந்தப் பெண் வாழ்ந்ததும் தெரியாது, அவள் பக்கம் நியாயம் இருந்ததும் தெரியாது.

அதனால்தான் பழங்கல்லும் ஒரு பத்திரம் என்று சொல்ல வேண்டியிருக்கிறது. வீட்டுப் பத்திரத்தை டிரங்குப் பெட்டியில் பூட்டி வைக்கும் விவசாயி, ஊர்ப் பத்திரத்தைக் கடப்பாரையால் பெயர்த்துப் போடலாமா?

"மூடிப் போடுங்கண்ணே"

இங்கேதான் உண்மையான சிக்கல் வருகிறது. விவசாயி ஒருவர் கிணறு வெட்டுகிறார் அல்லது கரும்புக்கு நிலம் சமன் செய்கிறார். பொக்லைன் வாளியில் தாழி ஒன்று உடைந்து வருகிறது. பக்கத்துக் கொல்லைக்காரர் எட்டிப் பார்த்து, "யாருகிட்டயும் சொல்லாதீங்கண்ணே, மூடிப் போடுங்க. கவர்மெண்டுக்குத் தெரிஞ்சா நிலமே போயிடும்" என்கிறார். ஒரு மணி நேரத்தில் மண் தள்ளி மூடியாகிவிடும். அல்லது எல்லாம் உடைந்து வரப்போரம் குவியும்.

இந்த அச்சத்தை வெறும் அறியாமை என்று ஒதுக்குவது சரியல்ல. ஒரு ஏக்கர், இரண்டு ஏக்கர் வைத்திருப்பவருக்கு நிலம்தான் சோறு. அரசு அலுவலகத்தில் ஒரு சான்றிதழுக்குப் பல நடை நடந்தவருக்கு, வலியச் சென்று இன்னொரு விவகாரத்தில் மாட்டிக்கொள்ள மனம் வராது. ஆனால் அச்சம் எவ்வளவு தூரம் உண்மை என்று தெரிந்துகொள்வது நல்லது.

புதைபொருள் பற்றி இன்றும் நடைமுறையில் இருப்பது 1878-ம் ஆண்டு இந்தியப் புதையல் சட்டம். மண்ணில் புதைந்திருந்த பொருள் பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புடையது என்றால், கண்டெடுத்தவர் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். பழைய உரிமையாளர் எவரும் இல்லை என்று முடிவானால், தம் நிலத்தில் தாமே கண்டெடுத்தவருக்கு அது சேரும். கண்டெடுத்தவர் வேறு, நிலத்துக்காரர் வேறு என்றால், அவர்களுக்குள் வேறு உடன்பாடு இல்லாத நிலையில், முக்கால் பங்கு கண்டெடுத்தவருக்கும் கால் பங்கு நிலத்துக்காரருக்கும் உரியது. அரசு அந்தப் பொருளை எடுத்துக்கொள்ள விரும்பினால், பொருளின் மதிப்பும் அதற்கு மேல் ஐந்தில் ஒரு பங்கும் கொடுக்க வேண்டும். நிலத்தைப் பறிப்பது பற்றி அந்தச் சட்டத்தில் பேச்சே இல்லை. மாறாக, மறைத்தவருக்கு ஓராண்டு வரை சிறையோ அபராதமோ இரண்டுமோ உண்டு. அவருடைய பங்கும் அரசுக்குப் போய்விடும். எனவே சொன்னதால் வரும் நஷ்டத்தைவிட மறைத்ததால் வரும் நஷ்டமே பெரிது.

ஓர் இடத்தைப் பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவிக்க அரசுக்கு வேறு சட்டங்களில் அதிகாரம் உண்டு என்பதும் உண்மை. மத்திய அரசின் 1958-ம் ஆண்டுச் சட்டப்படி அதற்கு இரண்டு மாத முன்னறிவிப்புக் கொடுத்து, ஆட்சேபணை கேட்க வேண்டும். மத்திய அரசு பாதுகாக்கும் சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் கூடாது என்ற விதி 2010-ல் கடுமையாக்கப்பட்டது. ஆனால் தாழி ஒன்று கிடைத்த ஒவ்வொரு கொல்லைக்கும் இந்த விதி வந்துவிடாது. முறைப்படி அறிவிக்கப்பட்ட சின்னங்களுக்கே அது பொருந்தும்.

கீழடியில் என்ன நடந்தது என்பதையும் பார்க்கலாம். 2015-ல் அகழாய்வு தொடங்கிய இடம் தனியாருடைய தென்னந்தோப்பு. நிலத்துக்காரர்கள் சம்மதித்ததால்தான் குழி வெட்ட முடிந்தது. ஆய்வு முடிந்த குழிகள் பல மூடப்பட்டு, தோப்பு நிலத்துக்காரர்களிடமே இருந்தது. அந்தச் சம்மதத்தின் பயனாக 2023-ல் அங்கே அருங்காட்சியகமே எழுந்தது. பேர் தெரியாத ஊர் இன்று உலகுக்குத் தெரிந்த ஊராயிற்று.

செய்ய வேண்டியது என்ன?

ஏரிலோ மண்வெட்டியிலோ பழம்பொருள் தட்டினால் அந்த இடத்தில் வேலையை உடனே நிறுத்துவது முதல் காரியம். மற்றப் பக்கத்தில் வேலை நடக்கலாம். பானையைக் கழுவக் கூடாது. உள்ளே இருக்கும் மண்ணைக் கொட்டவும் கூடாது. பழனிக்கு அருகில் பொருந்தல் என்ற ஊரில் 2009-ல் நடந்த அகழாய்வில், ஈமக்குழியில் இருந்த ஒரு சாடிக்குள் சுமார் 2 கிலோ நெல் கிடைத்தது. ஆய்வில் அந்த நெல் கி.மு. 490-ஐச் சேர்ந்தது என்று தெரிய வந்தது. சாடியைக் கண்டவர் கவிழ்த்துக் கொட்டியிருந்தால், தமிழ்நாட்டு நெல் சாகுபடியின் அந்தச் சாட்சி மண்ணோடு மண்ணாகப் போயிருக்கும்.

பொருள் கிடந்த இடத்தையும் ஆழத்தையும் குறித்துக்கொள்வது நல்லது. கையிலுள்ள செல்போனில் இடத்தோடு சேர்த்துப் படம் எடுத்தால் போதும். பிறகு கிராம நிர்வாக அலுவலரிடமும் தாசில்தாரிடமும் எழுதிக் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்கிக்கொள்ள வேண்டும். வாய்ப் பேச்சாக விடக் கூடாது. வெளியூர் வியாபாரி வந்து விலை பேசினால் விற்கக் கூடாது. நடுகல்லுக்கும் கல்வெட்டுக்கும் சுண்ணாம்போ பெயிண்டோ அடிக்கக் கூடாது. எண்ணெய் பூசிக் கும்பிடுவோரும் எழுத்தின் மேல் பூசாதிருப்பது நல்லது.

அரசின் கடமையும் இதற்குக் குறைந்தது அல்ல. தகவல் கொடுத்த விவசாயியின் கொல்லைக்குச் சில நாட்களுக்குள் அலுவலர் வர வேண்டும். நடவுப் பருவம் யாருக்காகவும் காத்திராது. மாதக்கணக்கில் வேலையை நிறுத்தி வைத்தால் அடுத்த முறை எவரும் வாய் திறக்க மாட்டார்கள். ஆய்வுக்காகப் பயிர் அழிந்தால் அதற்கு நஷ்டஈடு கையில் கிடைக்க வேண்டும். தகவல் தந்தவர் பெயரைப் பாராட்டி, ஊர்ப் பள்ளியில் எழுதி வைத்தாலும் தகும். மலையடிவாரத்திலும் திருக்கோவிலூர்ப் பக்கத்திலும் கல் உடைக்க அனுமதி கொடுக்குமுன், அந்தப் பாறையில் எழுத்தோ குகையோ கல்திட்டையோ உண்டா என்று நேரில் பார்த்த பிறகே உத்தரவு தர வேண்டும். சிறு விவசாயி உடைத்த கல்திட்டை பத்து என்றால், அவர் பத்து ஆண்டில் உடைத்ததை வெடி வைப்பவர் ஒரே நாளில் உடைத்துவிடுவார். சட்டத்தின் கண் முதலில் அங்கே போக வேண்டும்.

2019-ல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டம் ஆயிற்று. புது மாவட்டத்துக்குப் புது அலுவலகங்கள் வந்தன. இந்த மாவட்டத்தின் பழமைக்கும் ஒரு கணக்கு எடுக்க வேண்டும். எந்த ஊரில், எந்தக் கொல்லையில், எந்தக் கல் நிற்கிறது என்று ஊராட்சிதோறும் ஒரு பதிவேடு இருந்தால் பாதி அழிவு தானே நிற்கும். அதற்குப் பெரிய செலவும் இல்லை.

பிள்ளைகளை மாமல்லபுரத்துக்கும் தஞ்சாவூருக்கும் சுற்றுலா அழைத்துப் போவது நல்லதுதான். அதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கட்டுச்சோறு கட்டிக்கொண்டு ஜம்பைக்கும் திருக்கோவிலூருக்கும் போய் வரலாம். தென்பெண்ணை ஆற்றில் கபிலர் குன்று நிற்கிறது. பாரி மகளிரை வாழ வைக்க அலைந்த அந்தப் புலவர் அங்கே உயிர் நீத்தார் என்பது வழக்கு. அவர் தீயில் புகுந்த செய்தியைத் திருக்கோவிலூர் வீரட்டானேசுவரர் கோயில் கல்வெட்டும் சொல்கிறது. அங்கிருந்து ஜம்பைக்குப் போய், வரி கேட்டு வந்தவனை ஊர் விசாரித்த கதையைப் பெரியவர்கள் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும்.

திரும்பி வந்து மறுநாள் கொல்லையில் இறங்கும்போது, வரப்போரம் கிடக்கும் பலகைக் கல்லை அந்தப் பிள்ளை உற்றுப் பார்க்கும். அதில் எழுத்து ஏதாவது இருக்கிறதா என்று தடவிப் பார்க்கும். அந்தக் கல்லை உடைக்க அது யாரையும் விடாது.